வேட்பாளர் படத்துடன் வந்த நன்கொடைச் செய்தி: பணம் யாருக்குப் போனது?

கேள்வி: கிரீன் கார்டுடன் நியூஜெர்சியில் வசிக்கிறேன். எனக்குப் பிடித்த செனட் வேட்பாளரின் படத்துடன் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. 50 டாலர் கொடுத்தேன். இப்போது மாதந்தோறும் 50 டாலர் பிடிக்கிறார்கள். அந்த அமைப்பு தங்களுடையதே அல்ல என்கிறது வேட்பாளரின் அலுவலகம். நான் கட்சிக்குத்தானே கொடுத்தேன்? எச்-1பி வேலை விசாவில் இருக்கும் என் மனைவியும் 20 டாலர் கொடுத்திருக்கிறார். சிக்கல் வருமா?

பதில்: முதல் வேலையாக வங்கியை அழைத்து அந்த மாதப் பிடித்தத்தை நிறுத்துங்கள். நன்கொடைப் பக்கத்தில் 'மாதந்தோறும்' என்ற கட்டத்தில் அவர்களே டிக் அடித்து வைத்திருப்பார்கள். அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

நீங்கள் கொடுத்தது கட்சிக்கு அல்ல, தனியாக இயங்கும் ஒரு நிதிக்குழுவுக்கு. வேட்பாளரை நிறுத்தி, ஓட்டுக் கேட்டு, தோற்றால் பழியையும் சுமப்பது கட்சி. துப்பாக்கி உரிமை, மருந்து விலை, தொழிற்சங்கம் என்று தங்கள் காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக நெருக்கடி கொடுப்பவை நலக்குழுக்கள். அவை தேர்தலில் செலவழிக்கத் தொடங்கும் நிதிக்குழுவுக்கு 'பேக்' (PAC) என்று பெயர். 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு 'சூப்பர் பேக்' முளைத்தது. அது எவ்வளவு வேண்டுமானாலும் வசூலிக்கலாம், செலவழிக்கலாம். வேட்பாளர் கையில் மட்டும் ஒரு டாலர்கூடத் தர முடியாது.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் புகுந்துவிட்டார்கள். பிரபல வேட்பாளரின் படத்தைப் போட்டுப் பணம் திரட்டுவார்கள். அந்தப் பணம் 'ஆலோசனைக் கட்டணம்', 'நிதி திரட்டும் செலவு' என்று அவர்களுடைய நிறுவனங்களுக்கே திரும்பிப் போகும். 'இன்று நள்ளிரவுக்குள்', 'உங்கள் பணத்துக்கு ஐந்து மடங்கு சேர்ப்போம்' என்று எழுதும் எவரையும் நம்பாதீர்கள். நன்கொடைப் பக்கத்தின் அடியில் யார் செலவில் வெளியிடப்பட்டது என்ற வரி இருக்கும். 'எந்த வேட்பாளரின் ஒப்புதலும் பெறாதது' என்று அங்கே இருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். குழுவின் பெயரைக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால், பணம் யாருக்குப் போயிற்று என்ற கணக்கும் கிடைக்கும்.

ஆணையத்திடம் புகார் செய்யலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மொத்தம் 6 உறுப்பினர்கள். ஒரே கட்சியினர் 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நடவடிக்கைக்கு 4 ஓட்டு தேவை. மூன்றுக்கு மூன்று என்று நின்றால் புகார் அங்கேயே முடிந்தது. 2025-இல் அந்த 4 பேர்கூட இல்லாமல் ஆணையம் முடங்கியது. இப்படி ஒரு காவலை அமைத்துவிட்டுத் திருட்டைப் பற்றிப் பேசுவது மக்களை ஏமாற்றுவதாகும். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். கிரீன் கார்டு உள்ளவர் தன் சொந்தப் பணத்தைக் கொடுக்கலாம். எச்-1பி, அவர்களின் குடும்பத்துக்கான எச்-4, மாணவர் விசா எதில் இருந்தாலும் கொடுக்கக் கூடாது. செனட் தேர்தலுக்கு மட்டுமல்ல, ஆளுநர், நகர மேயர் தேர்தலுக்கும் கூடாது. வரி கட்டுகிறோம், பல ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் செல்லாது. 20 டாலர்தானே என்பதும் செல்லாது. அவருடைய பணத்தை உங்கள் பெயரில் கொடுப்பது அதைவிட மோசம்; பிறர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம். தான் அமெரிக்கக் குடிமகளோ கிரீன் கார்டு பெற்றவரோ அல்ல என்று குறிப்பிட்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி அந்தக் குழுவுக்கு அவர் இன்றே மின்னஞ்சல் அனுப்பட்டும். அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இனிமேல் கொடுப்பதானால் வேட்பாளரின் சொந்த இணையதளத்துக்கு நீங்களே போய்க் கொடுங்கள். 2025–26-க்கு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனிக் கணக்கு. அரசியல் நன்கொடைக்குக் கூட்டாட்சி வருமான வரியில் கழிவு கிடையாது.