பத்து முழம்

அன்புள்ள ஐயா,

புளோரன்ஸில் சாந்திசிமா அனுன்சியாத்தா சதுக்கத்தைப் பார்த்தோம். அழகுதான், ஆனால் மூன்று பக்கமும் ஒரே மாதிரி வளைவு வரிசை. எதிர்ப்பக்கம் கட்டியவருக்குச் சொந்தக் கற்பனையே கிடையாதா? அடுத்த ஆண்டு பெற்றோரை அழைத்துப்போகிறேன். அரை நாள் போதுமா? நீரூற்றுகள் யார் செய்தவை?

எம்.

அன்புள்ள எம்.,

அரை நாள் தாராளம். நீரூற்றுகள் சிற்பி பியெத்ரோ தாக்காவுடையவை, அதை விடுங்கள். ‘சொந்தக் கற்பனையே கிடையாதா’ என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. சில நாட்களாக இதே கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சதுக்கத்துத் தேவாலயத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் இருப்பது, கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் பட்டு வணிகர் சங்கம் எழுப்பிய இல்லம். 1419-இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி தொடங்கினார். அதன் அளவுகோல் பிராச்சோ, அவர்கள் ஊர் முழம். நம் முழத்தைவிடப் பெரிது, ஏறக்குறைய 58 செ.மீ. தூணின் உயரம் பத்து முழம், தூணுக்குத் தூண் பத்து, தூணிலிருந்து சுவர் வரை பத்து. ஒவ்வொரு கட்டமும் ஒரு கனசதுரம். வளைவு அரைவட்டம் என்பதால் அதன் உயரம் தானாகவே ஐந்து முழமாகிவிடுகிறது. தூண்கள் ஒல்லி, வளைவுகளின் தள்ளுவிசையைத் தனியே தாங்காது. குறுக்கே ஓடும் இரும்புக் கம்பிகள் அதற்காகத்தான்.

97 ஆண்டு கழித்து, 1516-இல், எதிரே கட்டும் வேலை மூத்த அந்தோனியோ தா சங்கால்லோவுக்கும் பாச்சோ தாஞ்ஞொலோவுக்கும் வந்தது. கற்பனை இல்லாதவரா சங்கால்லோ? இரண்டே ஆண்டில் மொந்தேபுல்சியானோவில் சான் பியாஜோ தேவாலயத்தைத் தொடங்கியவர் அவர். அதைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். இங்கே அவர் தன்னை அடக்கிக்கொண்டார். அதுவரை புருனெல்லெஸ்கியின் முகப்பு வெறும் முகப்பு, எதிரே அதே ஒன்பது வளைவுகள் எழுந்த பிறகுதான் நடுவிலிருந்த வெற்றிடம் ஒரு கூடமானது. அடுத்த நூற்றாண்டில் தேவாலயத்தின் முன்மண்டபமும் அதே வரிசையில் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டைவிட அரை அடியாவது உயர்த்திக் கட்டத் துடிக்கும் நமக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. திருத்திக்கொள்ளுங்கள்.

குதிரைச் சிலையடியில் நின்று கைபேசியின் அகலக் கோணத்தில் படமெடுத்திருப்பீர்கள். அதில் ஓரத் தூண்கள் சாயும், மண்டபத்தின் ஆழம் காணாமல் போகும். அடுத்த முறை ஊரின் பெரிய தேவாலயத்திலிருந்து செர்வி தெரு வழியாக நேராக நடந்து வாருங்கள். மண்டபத்துக்குள் ஏறி, தூணிலிருந்து தூணுக்குக் காலடி எண்ணுங்கள், பிறகு தூணிலிருந்து சுவருக்கு எண்ணுங்கள். முதலில் எட்டு வந்தால் இரண்டாவதிலும் எட்டே வரும்.

அப்பாவும் கூட எண்ணட்டும். அம்மாவைப் படியில் உட்காரவைத்து, வளைவுகளுக்கு மேலே நீல வட்டங்களில் துணி சுற்றிய குழந்தைகளைக் காட்டுங்கள். 1487-இல் ஆந்திரேயா தெல்லா ரொபியா செய்த மெருகிட்ட சுடுமண் வேலை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.