கிரெடிட் கார்டு இல்லாமல் ஆன்லைனில் பாட்டு வாங்க முடியுமா?

தாராளமாக. 2016-ல் வந்த யுபிஐ போதும். கொடை விழாவில் கேட்ட வில்லுப்பாட்டு பிடித்துப்போனால், முன்பு கேசட் தேடித் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறணும். இப்போது குழுவிடம் க்யூஆர் கோடு இருந்தால் பத்து ரூபாய்கூட நேரே அவர்கள் கணக்குக்கே போகும். ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நமக்குத் தனிக் கட்டணமும் கிடையாது.

பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவை மட்டும் வைத்திருக்கும் கலைஞர் என்றால் சிக்கல். 2021 ஏப்ரலிலிருந்து அதில் இந்தியாவுக்குள் பணம் அனுப்ப முடியாது. துபாயில் இருக்கும் அத்தான் வாங்கலாம், பாளையங்கோட்டையில் இருக்கும் நாம் வாங்க முடியாது!

மாதச் சந்தாவில் கொஞ்சம் கவனம். மாதாமாதம் பணம் தானாகவே போகும் யுபிஐ ஆட்டோபே வசதிக்கு ஒருமுறை ரகசிய பின் நம்பர் போட்டால், அடுத்தடுத்த மாதம் ரூ.15,000 வரை கேட்காமலே போகும். 24 மணி நேரம் முன்னால் தகவல் வரும்; வேண்டாமென்றால் யுபிஐ செயலியிலேயே ரத்து செய்யலாம்.