எரிமலையின் அளவு, பாறையின் வகை, பூமியின் வயது: கேள்வி பதில்

எரிமலை பற்றியும் பாறை பற்றியும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், செய்தியில் 'வி.இ.ஐ. 6' என்றார்கள். நிலநடுக்கத்துக்கு இருப்பது போல இதற்கும் கருவி உண்டா?

கருவியில் காட்டும் எண் இல்லை அது. வி.இ.ஐ. என்பது எரிமலை வெடிப்புக் குறியீடு. கிறிஸ் நியூஹால், ஸ்டீவன் செல்ஃப் என்ற இருவர் 1982-இல் வகுத்தது. 0 முதல் 8 வரை போகும். வெளியே வீசப்பட்ட சாம்பல், நுரைக்கல், கல்துண்டுகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்பதுதான் முக்கியக் கணக்கு. புகைத்தூண் எவ்வளவு உயரம் எழுந்தது என்பதையும் பார்ப்பார்கள். 5 என்றால் குறைந்தது 1 கன கிலோமீட்டர். 6-க்கு 10, 7-க்கு 100, 8-க்கு 1000.

அளப்பது எப்படி? எரிமலையைச் சுற்றிப் பல இடங்களில் தோண்டி, சாம்பல் படிவு எவ்வளவு கனம் என்று பார்க்கிறார்கள். ஒரே கனமுள்ள இடங்களை வரைபடத்தில் கோடாக இணைத்து, அதிலிருந்து மொத்த அளவைக் கணக்கிடுகிறார்கள். கடலில் விழுந்ததையும் மழை அடித்துப்போனதையும் உத்தேசமாகத்தான் சேர்க்க முடியும். ஆனாலும் இந்த முறையை நான் மதிக்கிறேன். மனிதர் யாரும் எழுதி வைக்காத பழைய வெடிப்பையும் போன வருட வெடிப்பையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க இதுதான் வழி செய்தது.

வரலாற்றிலேயே பெரியது 1883-இல் வெடித்த கிரகடாவுதானே?

இல்லை, அது 6. அதே இந்தோனேசியாவில் 1815 ஏப்ரலில் வெடித்த தம்போரா 7. மறு வருடக் கோடையில் ஐரோப்பாவில் குளிரும் மழையுமாகவும் வட அமெரிக்காவின் கிழக்கில் உறைபனி விழுந்தும் பயிர் கெட்டது. கிரகடாவு காலத்தில் தந்தி வந்துவிட்டது, சேதி உடனே உலகம் முழுக்கப் பரவியது. அதனால்தான் அந்தப் பெயர் எல்லோர் மனதிலும் நிற்கிறது.

அப்படியானால் எண் கூடக்கூடச் சாவும் கூடும், சரியா அக்கா?

இதை நம்பாதீர்கள். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான்.

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ், 1985 நவம்பர் 13. வெடிப்பு வெறும் 3. ஆனால் உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலும் சேறும் கல்லுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆர்மேரோ ஊரை மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். ஆர்மேரோவுக்கு ஆபத்து என்று குறித்த வரைபடம் அதற்கு ஒரு மாதம் முன்பே கையில் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 6, பல மடங்கு பெரியது. எச்சரிக்கையைக் கேட்டுப் பல்லாயிரம் பேரை முன்னதாகவே வெளியேற்றியதால் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

இன்னொன்று ஐஸ்லாந்தின் லாக்கி. 1783 ஜூனில் சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை பிளந்து, எட்டு மாதம் எரிகுழம்பு வழிந்தது. 14 கன கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் குறியீடு 4 மட்டுமே, ஏனென்றால் வழிந்தோடும் குழம்பு அந்தக் கணக்கில் வராது. வானில் வீசப்பட்டதுதான் வரும். வெளிவந்த கந்தக டைஆக்சைடு 12 கோடி டன் என்கிறார்கள். புல்லில் ஃபுளோரின் படிந்து ஆடு மாடுகள் செத்தன, பஞ்சம் வந்தது, அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார். வானிலையைக் குளிரவைப்பது பெரும்பாலும் கந்தகம்தான். செய்தியில் வி.இ.ஐ. எண்ணோடு கந்தக அளவையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

டோபா சாம்பல் நம் பக்கம் விழுந்ததா?

விழுந்தது. சுமத்ராவின் டோபா, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன், குறியீடு 8. அந்தப் பள்ளத்தில் இப்போது 100 கிலோமீட்டர் நீள ஏரி இருக்கிறது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலைப் பார்க்கலாம். சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

அடுக்களை மேடைக்குக் கருப்பு கிரானைட் போட்டிருக்கிறோம். அதுவும் எரிமலைப் பாறையா?

உறவுக்காரர் என்று சொல்லலாம். கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் டாலரைட் அல்லது கேப்ரோ. எரிமலையிலிருந்து வழியும் பசால்ட்டின் அதே சேர்மானம்தான், ஆனால் வெளியே வராமல் நிலத்துக்குள்ளேயே ஆறி இறுகியது.

நெருப்புப் பாறைக்கு, அதாவது எரிகுழம்பு ஆறி இறுகிய பாறைக்கு, இரண்டு கேள்வி போதும்: எங்கே ஆறியது, சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) எவ்வளவு? ஆழத்தில் மெதுவாக ஆறினால் மணிகள் பெரிதாகும், மேலே சட்டென்று ஆறினால் பொடியாகும். சிலிக்கா 52 சதவீதத்துக்குள் இருந்தால் பசால்ட், 70-ஐத் தாண்டினால் ரையோலைட். சிலிக்கா கூடினால் குழம்பு கெட்டியாகி வாயு சிக்கிக்கொள்ளும், அப்புறம் வெடிக்கும். ஹவாயில் பெரும்பாலும் வழிவதும் டோபா வெடித்ததும் இதனால்தான்.

சென்னைக்காரர்கள் பல்லாவரம் பாறையைப் பாருங்கள். அது சார்னோகைட். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு அந்தப் பாறையைத்தான் வைத்தார்கள். அதைப் பார்த்துப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இப்படிப் பெயரிட்டார்.

அந்தப் பாறைக்கு 250 கோடி வயது என்கிறார்களே, கார்பன் முறையில் கண்டுபிடித்ததா?

கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டு வரைதான் உதவும். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைந்து போக ஆகும் காலம், 5,730 ஆண்டு. பழைய பாறைக்குச் சிர்க்கான் என்ற கனிமத்தின் சிறு படிகங்களைத் தேடுவார்கள். அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தைக் கிட்டத்தட்ட ஏற்காது. ஆகவே இப்போது உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238-க்கு அரைவாழ்வு 447 கோடி ஆண்டு, 235-க்கு 70 கோடி. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம்.

காலங்களின் எல்லையை யார் முடிவு செய்கிறார்கள்?

சர்வதேச அடுக்கியல் ஆணையம். எங்காவது ஒரு பாறை அடுக்கைத் தேர்ந்து, 'எல்லை இதுதான்' என்று நிலைநிறுத்துவார்கள். டைனோசர்கள் மறைந்த 6.6 கோடி ஆண்டு எல்லைக்குத் துனீசியாவின் எல் கெஃப். இப்போது நடக்கும் ஹோலோசீன் காலத்தின் கடைசிப் பகுதியான 4,200 ஆண்டுகளுக்கு மேகாலயன் என்று 2018-இல் பெயர் வந்தது. அதற்கு ஆதாரம் மேகாலயாவின் மவ்ம்லு குகையில் வளர்ந்த சுண்ணாம்புக் கல். மனிதர் பெயரில் ஆந்த்ரோபசீன் என ஒரு புதுக்காலம் வேண்டும் என்ற முன்மொழிவை 2024-இல் வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டார்கள். ஆகவே பாடப்புத்தகப்படி நாம் இன்னும் ஹோலோசீனில்தான் இருக்கிறோம்.