மாட்டுப் பண்ணையில் உயிரித் தொழில்நுட்பம்: காசு யாருக்குப் போகிறது? கேள்வி பதில்

பால் கூட்டும் ஹார்மோன் ஊசியால் பண்ணைக்காரர்கள் உண்மையில் சம்பாதித்தார்களா?

கொஞ்சம் பேர், கொஞ்ச காலம். 1993இல் அமெரிக்கா அனுமதித்த ஊசி அது. 14 நாளுக்கு ஒருமுறை போட்டால் பால் 10 முதல் 15 சதவீதம் கூடும். ஆனால் கூடுகிற பால் சும்மா வராது, மாடு அதற்கேற்பத் தின்னும், மடிநோய் வாய்ப்பும் ஏறும், தீவனக் கணக்கு எழுதாதவருக்கு ஊசிச் செலவுதான் மிச்சம். கனடா 1999இல் மறுத்துவிட்டது, ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டது. அப்புறம் அமெரிக்காவிலேயே கடைகள் ஊசி போடாத பாலைக் கேட்க ஆரம்பித்தன.

எல்லோருக்கும் பால் கூடினால் விலை விழாதா?

விழும். முதலில் இறங்கியவர் லாபம் பார்ப்பார், கடைசியில் வருபவர் பிழைத்திருக்கவே அதைச் செய்தாக வேண்டும். அமெரிக்காவில் 1944இல் 2.5 கோடிக்கு மேல் கறவை மாடுகள், 2007இல் 92 லட்சம்தான், மொத்தப் பாலோ ஒன்றரை மடங்குக்கும் மேல். தீவனம், இனவிருத்தி எல்லாம் சேர்ந்த கணக்கு இது, ஊசியின் பெருமை இல்லை.

சீஸ் பக்கம் ஏதாவது?

அங்கே உயிரித் தொழில்நுட்பம் சத்தமே இல்லாமல் ஜெயித்துவிட்டது. சீஸுக்காகப் பாலைத் திரட்டும் நொதியை முன்பு கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள், 1990 முதல் அதையே நுண்ணுயிரியில் தயாரிக்கிறார்கள்.

மரபணு சோதனைக்குச் செலவு செய்வது வீணா?

என்னைக் கேட்டால் இதில்தான் நிஜமான பணம். முன்பு ஒரு காளை தேறுமா என்று பார்க்க அதன் மகள்கள் வளர்ந்து, ஈன்று, கறக்கும் வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இப்போது கன்றின் காதில் கிள்ளிய துளித் தசை போதும். 1962இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வம்சத்தால் கூடிய பாலின் மதிப்பு சுமார் 3,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதே காளை ஒரு கெட்ட மரபணுவையும் பரப்பியது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் கரு வயிற்றிலேயே போய்விடும், அப்படி உலகெங்கும் போனவை சுமார் 5 லட்சம், நஷ்டம் 42 கோடி டாலர். சோதனை வந்த பிறகு அந்த ஜோடியைச் சேர்க்காமல் தவிர்த்துவிடலாம்.

எட்டு மாடு வைத்திருக்கிறேன். பாலினம் பிரித்த விந்து வாங்கலாமா?

பத்தில் ஒன்பது கிடாரி, அதாவது பெண் கன்று, பிறக்கும், அது பொய்யில்லை. ஆனால் பிரிக்கும்போதே விந்தணு களைத்துவிடுகிறது, சினை பிடிப்பது குறையும். அதனால் முதல் ஈற்றுக்கு வரும் கிடாரிகளுக்குப் போடுங்கள், இரண்டு மூன்று முறை போட்டும் சினை நிற்காத மாட்டுக்கு வேண்டாம். அதற்கும் முன்னால், பருவத்துக்கு வந்த தேதியை எழுதி வைக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்.