‘சூடு’ என்ற சொல்: கேள்வி பதில்

நெடுங்கேணி வாசகி: “வயலில் சூடு எரிந்துவிட்டது” என்று அம்மா தொலைபேசியில் சொல்ல, கனடாவிலுள்ள அண்ணா துவக்குச்சூடு, அதாவது துப்பாக்கிச்சூடு, என்று பதறிவிட்டார்.

அம்மா சொன்னது நெற்சூடு. வெட்டிய கதிரை உப்பட்டியாக, அதாவது சிறுசிறு பிடிகளாக, வயலில் கிடத்தி, காய்ந்ததும் கட்டுகளாக்கிக் களத்தில் அடுக்கிய குவியல். கதிர்த்தலை உள்ளே, அடித்தாள் வெளியே. மேலே போகப்போகக் கூம்பும். மழை தாளில் வழிந்தோடும், நெல் நனையாது. ஊர் முழுவதும் காலபோக (மாரிமழைப் போக) வெட்டு ஒன்றாக வரும்போது, சூடடிக்க உழவு இயந்திரம் கிடைக்கும்வரை நெல்லைக் காத்தது இந்த அடுக்குதான். பிறகு கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கும் சூடடிப்பு, மாடு விட்டால் சூடு மிதிப்பு. ஒரு போகத்து உழைப்பே அதற்குள் இருக்கிறது. அண்ணா பதறியதில் தவறில்லை, காரணம்தான் வேறு.

முழங்காவில் வாசகர்: மாட்டுக்குச் சூடு?

குறிசுடுவது. காட்டில் மேயும் மாட்டை உரியவர் அடையாளம் காண.

மாங்குளம் வாசகர்: சூடு என்றால் என்ன?

முன்பின் சொல் இல்லாமல் பொருள் கேட்காதீர்கள். தேநீரா, துவக்கா, களமா?

ஒட்டுசுட்டான் வாசகர்: நெற்குவியலுக்குள் வெப்பம் ஏறுவதால்தான் அந்தப் பெயர்.

ஏற்கமாட்டேன். வெப்பம் ஏறினால் அது கெட்ட சூடு. அப்பா முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றே பிரித்து உலர்த்துவார், இல்லாவிட்டால் நெல் முளைத்துவிடும். ஈரக்கதிரைச் சூடு வைக்காதீர்கள்!

அதே வாசகர்: ஆனால் வெப்பம் ஏறுவது உண்மைதானே?

ஈரவைக்கோலும் சூடேறும், அதற்காக வைக்கோற்போரை யாரும் சூடு என்பதில்லை. அரிந்த நெற்கட்டைச் சூடு என்பது பழைய வழக்கு, அகராதியிலும் உண்டு. பிழையான வேரை ஒட்டவைத்தால் களத்துச் சொல் அடுப்படிச் சொல்லாகிவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வவுனியா வாசகி: உடம்புச் சூட்டுக்கு மருந்து?

வைத்தியரிடம் போங்கள்.

பூநகரி வாசகர்: சூடு சொரணை?

மானஉணர்வு.

கிளிநொச்சி மாணவி: சூடு என்றால் துவக்குச்சூடுதானே?

முன்பின் சொல் எங்கே, பிள்ளை? முதற்பதிலை வாசியுங்கள்.

விசுவமடு வாசகர்: நான் சூட்டைக் கண்டதே இல்லை.

இப்போது இயந்திரம் வயலிலேயே வெட்டி அடித்து நெல்லை மூட்டையாக்கிவிடுகிறது. அடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. இந்தக் காலபோகத்தில் எவராவது கையால் வெட்டிச் சூடு வைத்தால் எனக்குச் சொல்லுங்கள். உங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.