எந்த அகமது ஷா?

அன்புள்ள ஐயா,

அகமதாபாத்தை உண்டாக்கிய அகமது ஷாதான் பானிபட்டில் மராத்தியரை வென்றவர் என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பீதரில் இருக்கும் சமாதியும் அவருடையதுதானாம். இது சரியா?

எஸ்., விழுப்புரம்

அன்புள்ள எஸ்.,

இல்லை. மூவரும் வெவ்வேறு ஆட்கள். சபர்மதிக் கரையில் 1411இல் நகரை எழுப்பியவர் குஜராத் சுல்தான் முதலாம் அகமது ஷா. பானிபட்டில் வென்றவர் ஆப்கானிய அரசர் அகமது ஷா அப்தாலி. அகமதாபாத் உருவாகி 350 ஆண்டுகள் கழித்து, 1761 ஜனவரியில் நடந்த போர் அது.

பீதரில் இருப்பவர் பாமினி சுல்தான் அகமது ஷா வலி. குல்பர்காவிலிருந்து தலைநகரைப் பீதருக்கு மாற்றியவர். இவரும் குஜராத் அகமது ஷாவும் சமகாலத்தவர்கள். இன்று மும்பைக்குள் இருக்கும் மாஹிமுக்காக இருவரின் படைகளும் மோதின. குஜராத்தின் கை ஓங்கியது. அகமது ஷாவின் படையை அகமது ஷாவின் படை விரட்டியது என்று படித்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

இன்னொரு முறையும் அப்படி நடந்தது. 1748 மார்ச்சில் சிர்ஹிந்துக்கு அருகே மானுப்பூரில் அப்தாலியை எதிர்த்து நின்ற முகலாயப் படையில் இளவரசர் அகமது இருந்தார். வஜீர் கமருத்தீன் கான் பீரங்கிக் குண்டு பட்டு இறந்தும், அவர் மகன் முயின் உல் முல்க் படையைக் கலைய விடவில்லை. அப்தாலி பின்வாங்கினார். அடுத்த மாதமே தந்தை இறக்க, இளவரசர் அகமது ஷா பகதூர் என்ற பெயரில் அரியணை ஏறினார். 1754இல் முகலாய அவைப் பிரபு இமாத் உல் முல்க் அவரை இறக்கிவிட்டுக் கண்களையும் பறித்தான்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. பீதருக்குப் பக்கத்தில் அஷ்டூரில் உள்ள பாமினி சுல்தானின் சமாதிக்குள் சுவரும் குவிமாடமும் பொன்னும் சிவப்புமாகத் தீட்டப்பட்டு, பாரசீக எழுத்துகளால் நிறைந்திருக்கின்றன. ஆண்டுதோறும் அவர் நினைவாக நடக்கும் உரூஸ் விழாவுக்கு முஸ்லிம்களோடு, சிவனை வழிபடும் லிங்காயத்துகளும் திரள்கிறார்கள். அந்த லிங்காயத்துகளில் பலருக்கு அவர் தங்கள் ஞானி அல்லமப் பிரபுவின் வடிவம். 1757இல் மதுராவில் அப்தாலியின் படை செய்த படுகொலையை, பெயர் ஒன்று என்பதற்காக இந்த மனிதர் தலையில் கட்டுவது அநியாயம். குஜராத் சுல்தானையும் நான் பூசி மெழுகவில்லை. சித்பூரின் ருத்ர மகாலயம் என்ற சிவன் கோயிலை இடித்த பழி அவருடையதுதான். அதை அவர் கணக்கிலேயே எழுதுங்கள். அடுத்த முறை இப்படி ஏதாவது வந்தால், எந்த வம்சம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.