வாங்குவோர் கேள்வி-பதில்: பரணும் வில்லும் நுரை மானும்

காப்பித் தோட்டத்தில் ஐந்து மீட்டர் உயரத்தில் பரண் அமைத்து, அங்கிருந்து இருபது மீட்டர் தொலைவில் நுரையால் செய்த மான் உருவத்தை நிறுத்திக் கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் பழகுகிறேன். மேலிருந்து எய்தால் அம்பு குறிக்கு மேலே போகும், ஆகவே கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் லேசர் தூரமானி கட்டாயம் தேவை என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (வாசகர், ஏற்காடு)

வேண்டாம். கடைக்காரர் சொன்ன விதி உண்மையானதுதான். உங்கள் பரணுக்கு அது பொருந்தாது. அம்பைப் புவியீர்ப்பு கீழே இழுப்பது கிடைமட்டத் தொலைவைப் பொறுத்தது என்பதால், சாய்வாக அளந்த தூரத்தை அப்படியே நம்பிக் குறிவைத்தால் அம்பு மேலே போகும். ஆனால் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து சாய்வாக இருபது மீட்டர் என்றால் கிடைமட்டத் தொலைவு ஏறத்தாழ 19.4 மீட்டர், அந்த வித்தியாசத்தை உங்கள் கை நடுக்கமே விழுங்கிவிடும். சேர்வராயன் மலைச் சரிவில் முப்பது பாகைக் கோணத்தில் நாற்பது மீட்டர் எய்வதாக இருந்தால் கதை வேறு: அங்கே 34.6 மீட்டருக்குத்தான் குறிவைக்க வேண்டும், மேல்நோக்கி எய்தாலும் கீழ்நோக்கி எய்தாலும் இதே கணக்குத்தான்.

பரணிலிருந்து எய்யும்போது அம்பு தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் உடல் நிலை. வில்லைச் சமதளத்தில் எய்வது போல முழுவதும் இழுத்து நிறுத்திக்கொண்டு, பிறகு இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும். கையை மட்டும் தாழ்த்தினால், நாண் கன்னத்தில் பதியும் இடமும் கண் பார்க்கும் கோடும் மாறிவிடும். செலவு செய்தே ஆகவேண்டும் என்றால், குறிகாட்டியில் ரசமட்டக் குமிழ் உள்ளதாக ஒன்றை வாங்குங்கள். சரிவில் நிற்கும்போது வில் ஒரு பக்கம் சாய்வதைக் கண் உணராது, குமிழ் காட்டிவிடும்.

இரவில் மான் தோட்டத்துக்குள் வருகிறது. நிலம் எங்கள் பெயரில் பட்டா உள்ளது. பரணிலிருந்து எய்ய எந்த அம்புமுனை நல்லது? (பெயர் வேண்டாம் என்கிறார்)

எந்த முனையும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம்; முயற்சி செய்வதும் இரை வைப்பதும்கூட வேட்டை என்பதற்குள் அடங்கும், பட்டா நிலம் என்பது விலக்கு ஆகாது. சேதம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

மகனுக்கு வாங்கிய வில்லை இரண்டாம் நாள் இழுத்தபோது மேல் லிம்ப் (வில்லின் வளையும் தண்டு) கீறல் விட்டது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். (தாய், அஸ்தம்பட்டி)

அம்மா, அந்த வரிக்குப் பயந்து நீங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாள் என்று சட்டமே சொல்கிறது. கீறலை வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், மகனை அந்த வில்லை இனித் தொடவிடாதீர்கள், கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன்பின் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. விட்டுவிடாதீர்கள்.

பரணோடு இடுப்புப் பட்டை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். அது போதுமா? (வாசகர், நாகலூர்)

போதாது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வியாபாரத்தில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்த இலவசப் பட்டைதான். இந்தப் பரண்கள் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்காக உருவானவை; அங்கே உரிமமும் பருவமும் வகுத்து வேட்டையை அனுமதிக்கிறார்கள், அங்கும் பரணிலிருந்து விழுவது வேட்டைக்காரர்களின் பெரும் ஆபத்து. இடுப்பில் மட்டும் கட்டிய பட்டை, விழுந்தவரின் வயிற்றை நெரித்து மூச்சை அடைக்கும், அல்லது தலைகீழாகக் கவிழ்க்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். அதன் கயிற்றைத் தலைக்கு மேலே மரத்தில் கட்ட வேண்டும். கால் தரையை விட்டு எழும் நொடியிலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை அது மாட்டியிருக்க வேண்டும். தொங்கும்போது கால்களில் ரத்தம் தேங்கும் என்பதால், கால் வைத்து எழும்பி நிற்க ஒரு வளையமும் தேவை. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

மிளகு பறிக்க ஏணி ஏறுபவருக்காக நானும் இணையத்தில் ஒரு ஹார்னஸ் வாங்கினேன். மார்பு வளையத்தின் அருகே ஒற்றை நூலோட்டம். இரண்டு கையாலும் இழுத்தபோதே தையல் பிரிந்து வளையம் கையோடு வந்தது. தயாரித்தவர் பெயரோ தேதியோ அதில் இல்லை. விற்றவரின் பக்கமும் அதற்குள் மறைந்துவிட்டது. ஐ.எஸ். 3521 என்ற தரநிலை எண், தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி ஆகிய மூன்றும் தைத்த சீட்டில் இல்லாத ஹார்னஸைத் தொடாதீர்கள். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸை வெட்டிப் போட்டுவிடுங்கள். நீங்கள் பரண் மாட்டியிருப்பது சில்வர் ஓக் மரத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மிளகுக் கொடிக்கு ஏற்ற மரம், ஆனால் காற்றில் எளிதில் முறியும். பரணை இறக்கிவிடுங்கள்.

நண்பர்கள் அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டுப் பார்த்தார்கள். வில் உடைந்தது. வாரண்டி கிடைக்குமா? (வாசகர், ஐந்து ரோடு)

கிடைக்காது. அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய விசை முழுவதும் வில்லின் மீதே திரும்பி விழும் என்பதால், அப்படிச் செய்யக் கூடாது என்று வில்லோடு வரும் கையேடு எச்சரிக்கிறது. பிரிக்காத உறையில் அந்தக் கையேடு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் மீது வழக்குப் போட எனக்கு வழி தெரியாது.

மகள் வலக்கைக்காரி, இடக்கண்ணால் குறிபார்க்கிறாள். எந்த வில் வாங்குவது? (தந்தை, ஓமலூர்)

பயிற்சியாளரிடம் வலக்கை வில், இடக்கை வில் இரண்டையும் இழுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஒரு டஜன் கார்பன் அம்புகள் இணையத்தில் மலிவாக வந்தன. இரண்டில் நுண்ணிய கோடு தெரிகிறது. எய்யலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. அம்பின் இரு முனைகளையும் பிடித்து முகத்தை விட்டு விலகிய பக்கமாக மெல்ல வளைத்து, அம்பைச் சுழற்றிச் சுழற்றி அப்படியே செய்யுங்கள். நெறுநெறுவென்று ஒலி கேட்டால் இழை பிளந்துவிட்டது. அந்த அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போதே சிதறி, வில் பிடித்த கையில் சிலாம்புகளாக ஏறும். நான் வாங்கிய ஒரு கட்டிலும் இப்படி வந்து, மொத்தத்தையும் திருப்பி அனுப்பினேன். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்க இணைய விற்பனையாளருக்கும் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. இரண்டை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டையும் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.